பங்கசுத் தொற்றுக்கு ஃபுளுகொனசோல் குளிசை: மட்டக்களப்பு, அம்பாறைப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெண்ணுறுப்பில் வரும் கன்டிடா பங்கசுத் தொற்றுக்கு வாயால் குடிக்கும் மருந்துகளில் அதிகம் எழுதப்படுவது ஃபுளுகொனசோல். பெரும்பாலானோருக்கு ஒரே ஒரு குளிசையோடு வேலை முடிந்துவிடும். அதனாலேயே இதை பனடோல்போல நினைத்து, அக்காவின் சீட்டைக் காட்டித் தங்கையும், பக்கத்து வீட்டாரின் மிச்சத்தை வாங்கி மாமியும் குடிக்கிறார்கள். குடிப்பதற்கு முன் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். இது பங்கசுதானா? வயிற்றில் பிள்ளை இருக்கிறதா? வேறு என்ன குளிசை குடிக்கிறீர்கள்? கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி இந்த மூன்றையும் பற்றியதுதான்.

வெள்ளைபடுகிறது, அரிக்கிறது. இது பங்கசுதான் என்று எப்படித் தெரியும்?

வெள்ளைபடுவது எல்லாம் நோயல்ல. மாதவிடாய்க்கு இடைப்பட்ட நாட்களில் மணமில்லாத, தெளிந்த அல்லது பால் நிறக் கசிவு வருவது உடம்பின் இயல்பு. அதற்கு மருந்தே வேண்டாம். உடல் சூடு என்று சொல்லி இளநீர் குடிப்பதில் கெடுதி இல்லை. பங்கசு இருந்தால் அது அதனால் மாறாது.

பங்கசு என்றால் முதலில் வருவது கடும் அரிப்பு. கசிவு தடித்து, தயிர்க்கட்டிபோல உதிரும். பெரிதாக மணம் இருக்காது. தோல் சிவந்து வீங்கும், சில இடங்களில் கீறல்போல வெடிக்கும், சலம் படும்போது எரியும்.

மீன் மணத்தோடு, தண்ணீர்போல, சாம்பல் நிறத்தில் வந்தால் அது பெரும்பாலும் பக்டீரியாவினால் வருவது. பச்சை அல்லது மஞ்சள் நிறத்தில் நுரைத்து வந்தால் பாலுறவால் தொற்றும் ட்ரைக்கொமோனாசாக இருக்கலாம். இந்த இரண்டுக்கும் ஃபுளுகொனசோல் ஒன்றும் செய்யாது. இவற்றுக்கு மெட்ரோனிடசோல்போன்ற வேறு மருந்து உண்டு. மறுபக்கம், மெட்ரோனிடசோலைக் குடித்துப் பங்கசு போகவும் போகாது.

முதல் தடவை வருபவர்கள், 16 வயதுக்குக் குறைந்தவர்கள், 60ஐத் தாண்டியவர்கள் தாங்களாகவே மருந்து எடுக்க வேண்டாம். பருவமடையாத சிறுமிக்கு இந்த இடத்தில் அரிப்பு என்றால் பங்கசு அரிது. கீரிப்பூச்சி, சவர்க்கார ஒவ்வாமை என்று வேறு காரணங்களைத்தான் வைத்தியர் முதலில் தேடுவார்.

எத்தனை குளிசை? சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?

சிக்கலில்லாத தொற்றுக்கு 150 மில்லிகிராம், ஒரே தடவை. சாப்பாட்டுக்கு முன்னும் குடிக்கலாம், பின்னும் குடிக்கலாம். உணவு இதன் உறிஞ்சலைக் குறைப்பதில்லை. வயிறு குமட்டும் சுபாவம் உள்ளவர்கள் சாப்பிட்ட பின் குடிப்பது நல்லது. கப்சியூலாக இருந்தால் உடைக்காமல், ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்குங்கள்.

வாங்கும்போது அட்டையில் அளவைப் பாருங்கள். ஃபுளுகொனசோல் 50, 150, 200 மில்லிகிராம் என்று பல அளவில் வருகிறது. பாமசியில் அட்டையை வெட்டிக் கொடுத்தால் பெயரும் காலாவதித் திகதியும் அடுத்த துண்டில் போய்விடும். உறையில் மருந்தின் பெயர், அளவு, திகதி மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு ஏதாவது ஒவ்வாமை வந்தால் என்ன குடித்தீர்கள் என்று வைத்தியர் கேட்பார். “ரோசாக் கலர்க் கப்சியூல்” என்ற பதில் அவருக்கு உதவாது.

வீக்கமும் வெடிப்பும் கடுமையாக இருந்தால் வைத்தியர் 72 மணித்தியாலத்துக்கு ஒன்றாக இரண்டு அல்லது மூன்று குளிசை எழுதுவார். இங்கேதான் பிழை நடக்கிறது. மூன்று குளிசை கையில் வந்ததும், அன்ரிபயோட்டிக்போல நினைத்துக் காலை, பகல், இரவு என்று ஒரே நாளில் குடித்துவிடுகிறார்கள். 72 மணித்தியாலம் என்றால் மூன்று நாள். திங்கள் காலை குடித்தால் அடுத்தது வியாழன் காலை.

குடித்து ஒரு நாளாகிறது, இன்னும் அரிக்கிறது. இன்னொன்று குடிக்கட்டுமா?

வேண்டாம். மருந்து இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 30 மணித்தியாலம் எடுக்கும். ஒரு குளிசை பல நாள் உடம்பில் நின்று வேலை செய்கிறது. சிலருக்கு அடுத்த நாளே அரிப்புத் தணியும், சிலருக்கு மூன்று நாளாகும். புண்பட்ட தோல் ஆறுவதற்கு இன்னும் சில நாள் பிடிக்கும். ஏழு நாளாகியும் குறையவில்லை என்றால் இரண்டாவது குளிசையைத் தேடாமல் வைத்தியரிடம் போங்கள். நோய் பங்கசாகவே இல்லாமல் இருக்கலாம், அல்லது ஃபுளுகொனசோலுக்கு எளிதில் மசியாத கன்டிடா கிளப்ராட்டாவாக இருக்கலாம். கன்டிடா குருசேய் என்ற வகை இந்த மருந்துக்கு இயல்பாகவே கட்டுப்படாது. பஞ்சுக்குச்சியால் கசிவை எடுத்துச் சோதித்தால்தான் இது தெரியும்.

சீனி வருத்தத்துக்குக் கிளினிக்கில் குளிசை குடிக்கிறேன். இதையும் சேர்த்துக் குடிக்கலாமா?

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்க வேண்டும், கேட்பவர்கள் குறைவு. சீனி வருத்தம் உள்ளவர்களுக்குத்தான் பங்கசுத் தொற்று அதிகம் வரும், அவர்களுக்குத்தான் இந்தக் குளிசையால் சிக்கலும் அதிகம் வரும்.

மெட்ஃபோர்மின் மட்டும் குடிப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், கிளிபிசைட், டொல்பியூட்டமைட் ஆகிய குளிசைகள் வேறு ரகம். ஈரலில் இவற்றை உடைத்து வெளியேற்றும் நொதியை ஃபுளுகொனசோல் தடுத்துவிடும். அப்போது அதே ஒரு கிளிக்லசைட், உடம்புக்குள் கூடுதல் அளவு குடித்ததுபோல வேலை செய்யும். சீனி விழுந்துவிடும். திடீர் வியர்வை, கை நடுக்கம், கடும் பசி, நெஞ்சுப் படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் எல்லாம் அதன் அடையாளங்கள். வயதானவர்களில் இவை எதுவுமில்லாமல், ஆள் குழம்பிப் பேசுவது மட்டும் தெரியலாம்.

வைத்தியர் ஃபுளுகொனசோல் எழுதும்போதே கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். அவர் அளவை மாற்றலாம், அல்லது குடிக்கும் குளிசைக்குப் பதிலாக உள்ளே வைக்கும் குளோட்ரிமசோலைத் தரலாம். நீங்களாகவே சீனிக் குளிசையை நிறுத்த வேண்டாம். சீனி ஏறினால் பங்கசு இன்னும் செழிக்கும். ஃபுளுகொனசோல் குடித்தபின் ஒரு கிழமைக்கு ஒரு நேரச் சாப்பாட்டையும் தவற விடாதீர்கள். வீட்டில் சீனி பார்க்கும் கருவி இருந்தால் காலையிலும் மாலையிலும் பாருங்கள். 70க்குக் கீழே போனால், அல்லது மேலே சொன்ன அறிகுறி வந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். ஆள் மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.

எம்பகிளிஃப்ளோசின், டபகிளிஃப்ளோசின் என்ற புதிய சீனிக் குளிசைகள் சீனியைச் சலத்தோடு வெளியேற்றுபவை. அந்த இடத்தில் சீனி படுவதால் பங்கசு அடிக்கடி வரும். அவற்றைத் தொடங்கிய பிறகுதான் அரிப்புத் தொடங்கியது என்றால் அதைக் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள்.

வேறு எந்த மருந்துகளோடு ஆகாது?

இரத்தம் உறையாமலிருக்கக் குடிக்கும் வாபரின்தான் முதலாவது. இதயத்தில் வால்வு மாற்றியவர்கள், காலில் இரத்தக்கட்டி வந்தவர்கள் குடிப்பார்கள். ஃபுளுகொனசோல் சேர்ந்தால் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு) ஏறி, பல்முரசிலும் மூக்கிலும் தொடங்கி மூளை வரை இரத்தம் கசியலாம். வாய்ப்பங்கசுக்குப் பூசும் மைக்கொனசோல் ஜெல்லும் இதே ஆபத்தைக் கொண்டுவரும். பூசுகிற மருந்துதானே என்று விட்டுவிட வேண்டாம்.

வலிப்புக்குக் குடிக்கும் ஃபெனிட்டோயின், கார்பமசெபின் இரண்டினதும் அளவு இரத்தத்தில் கூடும். கொலஸ்ரோலுக்கான சிம்வஸ்டட்டின், அற்றோவஸ்டட்டின் குடிப்பவர்களுக்குத் தசை நோகலாம். ஃபுளுகொனசோலைப் பல நாள் குடிக்க வேண்டியிருந்தால் கொலஸ்ரோல் குளிசையைச் சில நாள் நிறுத்தி வைப்பதா என்பதை வைத்தியர் சொல்வார். தொடை நோவோடு சலம் தேத்தண்ணீர் நிறத்தில் போனால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இதயத்துடிப்பின் மின்னோட்டத்தைக் குழப்பும் மருந்துகள் இன்னொரு கூட்டம்: எரித்ரோமைசின், சத்திக்குக் கொடுக்கும் டொம்பெரிடோன், சில மனநோய்க் குளிசைகள். வீட்டு அலுமாரியில் எப்போதும் இருக்கும் டொம்பெரிடோனை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை. ஃபுளுகொனசோலால் குமட்டுகிறது என்று அதை எடுத்துப் போடக்கூடாது. சிறுநீரகம் மாற்றியவர்கள் குடிக்கும் டக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் இருந்தால் அவர்களது விசேட வைத்தியரைக் கேட்காமல் ஒரு குளிசைகூட வேண்டாம்.

குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையை ஃபுளுகொனசோல் பலவீனப்படுத்துவதில்லை.

சிறுநீரகம் பழுது என்று சொல்லியிருக்கிறார்கள்.

இந்த மருந்தின் 80 சதவீதமளவு மாறாமல் அப்படியே சலத்தில்தான் வெளியேறும். ஒரேயொரு 150 மில்லிகிராம் குளிசைக்குப் பொதுவாக அளவை மாற்றுவதில்லை. பல தடவை குடிக்க வேண்டியிருந்தால் பாதியாகக் குறைப்பார்கள். தெஹியத்தகண்டியப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் உள்ள ஊர்களிலிருந்து வருபவர்கள், கிரியற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) அறிக்கையைக் கையோடு கொண்டுபோனால் வைத்தியருக்கு இலகு.

மூன்று மாதக் கர்ப்பம். ஒரு குளிசைதானே, குடிக்கலாமா?

குடிக்க வேண்டாம். டென்மார்க்கில் நடந்த பெரிய ஆய்வொன்று, கர்ப்பத்தில் ஃபுளுகொனசோல் குடித்தவர்களில் கருச்சிதைவு கூடியிருந்ததைக் காட்டியது. 2016இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இது பற்றி எச்சரித்தது. முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 400 முதல் 800 மில்லிகிராம் என்று நீண்ட நாள் குடித்த தாய்மாரின் சில பிள்ளைகளுக்குப் பிறவிக் குறைபாடுகள் பதிவாகியுள்ளன.

கர்ப்பிணிக்குச் சரியான மருந்து உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல், ஏழு இரவுகள். இடையில் அரிப்பு நின்றாலும் ஏழையும் முடிக்க வேண்டும். வைக்கும் கருவியை ஆழமாகத் தள்ளாமல், கையைக் கழுவி விரலால் வைப்பது பாதுகாப்பு.

கர்ப்பம் என்று தெரியாமல் ஒரு குளிசை குடித்துவிட்டால் பதற வேண்டாம். ஒரு 150 மில்லிகிராம் குளிசையால் பிறவிக் குறைபாடு கூடியதாகப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டவில்லை. குடும்ப நல மாதுவிடம் சொல்லி, கர்ப்பிணிக் கொப்பியில் திகதியோடு பதிந்துகொள்ளுங்கள். மாதவிடாய் பிந்தியிருந்தால் குடிப்பதற்கு முன்னரே சலம் பரிசோதித்துப் பாருங்கள். குடித்த பின்னும் ஒரு கிழமைக்குக் கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பால் கொடுக்கும் தாய் ஒரு 150 மில்லிகிராம் குளிசை குடித்தால் பாலூட்டலை நிறுத்தத் தேவையில்லை.

குடிக்கும் குளிசை நல்லதா, உள்ளே வைப்பது நல்லதா?

சாதாரணத் தொற்றில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு குணம் தரும். குடிப்பது வசதி. மேலே சொன்ன மருந்துகளைக் குடிப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உள்ளே வைப்பதே பாதுகாப்பு, ஏனென்றால் அது இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும்.

வைக்கும்போது படுக்கப்போகும் நேரத்தில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இயலுமான அளவு உள்ளே தள்ளுங்கள் (கர்ப்பிணிகள் மேலே சொன்னபடி விரலால் மட்டும், ஆழமாகத் தள்ளாமல்). வைத்துவிட்டு எழுந்து வேலை செய்தால் கரைந்து வெளியே வந்துவிடும். மருந்து பலிக்கவில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். காலையில் வெள்ளைத் தூளாகக் கொஞ்சம் வெளிவருவது சாதாரணம். மாதவிடாய் நாட்களில் தொடங்க வேண்டாம். கிறீம் வகைகள் ஆணுறையின் இறப்பரைப் பலவீனப்படுத்தும்.

நோன்பு காலத்தில்?

ஃபுளுகொனசோலைச் சஹரிலோ நோன்பு திறந்த பின்னோ குடிக்கலாம், பலன் ஒன்றுதான். சீனிக் குளிசையும் குடிப்பவர்கள் நோன்பு பிடித்துக்கொண்டு இதையும் சேர்ப்பது ஆபத்து. பட்டினியும் இந்த மருந்தும் ஒரே பக்கமாகச் சீனியை இறக்கும். அவர்கள் இரவில் உள்ளே வைக்கும் மருந்தைக் கேட்டு வாங்கட்டும்.

வருடத்தில் மூன்று நான்கு தடவை வருகிறது.

பன்னிரண்டு மாதத்தில் மூன்று தடவை அல்லது அதற்கு மேல் வந்தால் அதைத் திரும்ப வரும் தொற்று என்று கணக்கெடுத்து, வேறு விதமாக வைத்தியம் செய்வார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு குளிசை வாங்கிக் குடிப்பது அதற்குத் தீர்வல்ல. வழக்கமான முறை இது: 72 மணித்தியாலத்துக்கு ஒன்றாக மூன்று குளிசை, அதன் பிறகு கிழமைக்கு ஒன்றாக ஆறு மாதம். கிழமைக் குளிசைக்கு ஒரே நாளை வைத்துக்கொள்ளுங்கள், கலண்டரில் அடையாளம் போடுங்கள். மறந்தால் நினைவு வந்த அன்று ஒன்று குடியுங்கள். இரண்டாகச் சேர்த்துக் குடிக்க வேண்டாம். நிறுத்திய பின் பாதிப்பேர் வரைக்கும் திரும்பவும் வருவதுண்டு.

மருந்தைத் தொடங்கும்போதே காரணத்தையும் தேட வேண்டும். கட்டாயம் பார்க்க வேண்டியது இரத்தச் சீனி. இதுவரை சீனி இல்லை என்று நினைத்த பலருக்கு அரிப்புத்தான் முதல் அடையாளம். தடிமன் காய்ச்சலுக்கெல்லாம் வாங்கும் அமொக்சிசிலின், வயலில் இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் ஆகியவை நல்ல பக்டீரியாக்களையும் கொன்று பங்கசுக்கு இடம் விடும். இதற்காக டொக்சிசைக்கிளினை நிறுத்தாதீர்கள். எலிக்காய்ச்சல் உயிரைக் கொல்லும், பங்கசு கொல்லாது.

மார்கழி மழையில் உள்ளாடை காயாது. ஈரத்தோடு போடுவதைவிட இஸ்திரிக்கை பிடித்துக் காயவைத்துப் போடுவது மேல். பருத்தி உள்ளாடை, தளர்ந்த உடுப்பு, வேலை முடிந்ததும் வியர்வை உடுப்பை மாற்றுவது எல்லாம் மருந்துக்குத் துணை.

கணவருக்கும் குளிசை கொடுக்க வேண்டுமா?

அவருக்கு அரிப்போ சிவப்போ இல்லாவிட்டால் தேவையில்லை. இது பாலியல் நோயாகக் கணக்கெடுக்கப்படுவதில்லை. மனைவிக்கு வந்ததை வைத்து வீட்டில் சந்தேகப் பேச்சு எழுவது பெரிய அநியாயம். ஆணுறுப்பின் நுனித்தோல் சிவந்து வெள்ளை படிந்தால் அவரும் வைத்தியரைக் காணட்டும், சீனியும் பார்க்கட்டும்.

தேமலுக்கும் படர்தாமரைக்கும் இதே குளிசைதானா?

தேமலும் மதுவ வகைப் பங்கசால் வருவதுதான். பெரும்பாலும் பூச்சு மருந்தோ கீற்றோகொனசோல் ஷாம்புவோ போதும். உடம்பெல்லாம் பரவியிருந்தால்தான் குடிக்கும் மருந்து. பங்கசு செத்த பிறகும் வெளிறிய நிறம் மாற மாதங்கள் எடுக்கும், அதைப் பார்த்து மருந்தைத் திரும்பத் திரும்பக் குடிக்க வேண்டாம். படர்தாமரை வேறு பங்கசு. அதற்குக் கொடுக்கும் கிரிசியோஃபல்வின் கன்டிடாவுக்குப் பலிக்காது.

ஸ்டீரோயிட் கலந்த கிறீம்களை அரையிலும் தொடையிடுக்கிலும் பூச வேண்டாம். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பங்கசோ உள்ளே பரவிக்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, அழியாத வரி விழும்.

இட்ரகொனசோல் என்ற இன்னொரு பங்கசு மருந்தைத் தந்திருந்தால் விதி மாறும். அந்தக் கப்சியூலை வயிறு நிறையச் சாப்பிட்டதும் குடிக்க வேண்டும். கஸ்ட்ரிக்குக்கு ஒமெப்ரசோல் குடித்தால் அது சரியாக உறிஞ்சப்படாது. இதயம் பலவீனம் என்று சொல்லப்பட்டவர்கள் அதைக் குடிக்கக்கூடாது. குடிக்கும் கீற்றோகொனசோல் குளிசையை எங்காவது பழைய சீட்டில் கண்டால் விட்டுவிடுங்கள்; ஈரலைக் கெடுப்பதால் 2013இல் ஐரோப்பாவில் பங்கசுச் சிகிச்சைக்கு அதை நிறுத்தச் சொன்னார்கள்.

ஈரல் பழுதாகும் என்கிறார்களே?

ஒரு குளிசையால் அப்படி நடப்பது மிக அரிது. தலையிடி, குமட்டல், வயிற்று நோவு, வயிற்றோட்டம் ஆகியவை வரலாம், தாமாகவே போய்விடும். பல கிழமை குடிப்பவர்களும் ஏற்கெனவே ஈரல் நோய் உள்ளவர்களும் கவனமாக இருக்க வேண்டும். கண் மஞ்சளாதல், கறுத்த சலம், சாப்பாட்டில் அருவருப்பு வந்தால் அடுத்த குளிசையைக் குடிக்காமல் வைத்தியரிடம் போங்கள். முகம், உதடு வீங்கி மூச்சு முட்டினாலும், தோலில் கொப்புளமும் வாய்ப்புண்ணும் சேர்ந்து வந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும், கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக்கூடாது.

வேப்பிலைத் தண்ணீர், தயிர், டெட்டோல்?

எருமைத் தயிரைச் சாப்பிடுங்கள், உள்ளே பூசாதீர்கள். வேப்பிலை, மஞ்சள், உள்ளிப்பல் எதையும் உள்ளே வைக்க வேண்டாம்; வெடித்த தோல் இன்னும் எரியும். டெட்டோலும் வாசனைச் சவர்க்காரமும் அந்த இடத்துக்கே ஆகாது. வெறும் தண்ணீரால் வெளிப்பக்கத்தை மட்டும் கழுவி, ஒற்றித் துடைத்தால் போதும்.

பாமசியில் ஆண் நிற்கிறார், சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்கே போகலாம்?

பேச முடியாவிட்டால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்: வயது, எத்தனை நாளாக அரிப்பு, கசிவின் நிறமும் மணமும், கடைசி மாதவிடாய்த் திகதி, இப்போது குடிக்கும் எல்லாக் குளிசையின் பெயர், ஒவ்வாமை. சொல்ல வேண்டியது அவ்வளவும் அதில் அடங்கும்.

வீட்டுக்கு வரும் குடும்ப நல மாதுவிடம் தனியாகக் கேட்கலாம். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தின் வெல் வுமன் கிளினிக்கில் பரிசோதனை செய்துகொள்ளலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, கல்முனை வடக்கு, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகள், கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, அம்பாறை பொது வைத்தியசாலை எல்லாவற்றிலும் வெளிநோயாளர் பிரிவில் இலவசமாகக் காட்டலாம். பெண் வைத்தியர் வேண்டும் என்று கேட்பதில் பிழை இல்லை.

அடிவயிற்று நோவு, காய்ச்சல், உறவின்போது இரத்தம், உறுப்பில் புண் அல்லது கொப்புளம் இருந்தால் பாமசியைத் தவிர்த்து நேரே வைத்தியசாலைக்கே போங்கள். போவதற்கு முந்திய இரவு உள்ளே எந்த மருந்தும் வைக்க வேண்டாம். வைத்தால் எடுக்கும் மாதிரியில் பங்கசு தெரியாமல் போகலாம்.